பத்து மணிக்குப் பிரிக்கும் உறை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். லைக் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தாறு வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது ராணுவத்தில் இருக்கிறான், விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறான். சின்ன வயதில் அவன் வாயில் எதுவும் நிற்காது. யார் பல்பம் தின்றது, யார் சுவரேறிக் குதித்தது என்று எல்லாம் காலைப் பிரார்த்தனைக்கு முன்பே என் காதுக்கு வந்துவிடும். அவனிடம் கேட்டேன்.

"இப்ப எங்கப்பா வேலை?"

"வடக்க சார்."

"வடக்கன்னா?"

"குளிரான இடம் சார்" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், சொல்லக் கூடாது" என்றான்.

நான் ஏன் தப்பாக நினைக்கப் போகிறேன்? மனசு நிறைந்துவிட்டது. பல்பம் தின்றவனைக் காட்டிக் கொடுத்த பையனா இவன் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அவன் போன பிறகு என் மருமகன் ஒரு கேள்வி கேட்டார். "மாமா, அவர் சொல்லாததைப் பெருமையாப் பேசுறீங்க. அந்தப் பள்ளிக்கூடக் கட்டட அறிக்கையைக் காட்டாததுக்கு இன்னிக்கும் கோபப்படுறீங்க. ரெண்டும் ரகசியம்தானே?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. நாலு நாள் யோசித்துப் படித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டடக் கதை. பலருக்குத் தெரியாது.

97-ஆம் வருஷம் மழைக்காலம் முடிந்து ஒரு பொறியாளர் வந்து எங்கள் நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் வகுப்பு அறையின் கூரையில் அப்போதே விரிசல் இருந்தது. சில மாதங்கள் கழித்து அலுவலகத்துக்குப் போனபோது, "அந்த அறிக்கை என்ன சொல்லுதுங்க?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அது மந்தணம் சார்" என்றார்.

மந்தணம். நம் ஆட்சித் தமிழில் கான்ஃபிடென்ஷியல் என்பதற்கு வழங்கும் சொல். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூன்று வருஷம் அதே அறையில் மூன்றாம் வகுப்பு நடந்தது. 2000-த்தில் ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கூரையின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. திங்கள்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், பிள்ளைகள் உட்காரும் பலகைமேல் காரைக்கட்டிகள். விழுந்தது சனிக்கிழமை ராத்திரி என்பதால் தப்பித்தோம். வேறு ஒரு காரணமும் கிடையாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, 2006-இல் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அந்த அறிக்கையைக் கேட்டேன். வந்தது. ஒன்றரைப் பக்கம். 'இவ்வறையில் மாணவர்களை அமர்த்தக் கூடாது' என்று பொறியாளர் தெளிவாக எழுதியிருக்கிறார். தலையில் 'மந்தணம்' என்று முத்திரை. அந்த ஒன்றரைப் பக்கத்தில் எதிரி நாட்டுக்குப் பயன்படும் வரி ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் பயன்படும் வரி மட்டுமே இருந்தது.

சரி, அரசு எதை ரகசியம் என்கிறது? எப்படி வகைப்படுத்துகிறது?

மத்திய அரசில் நான்கு படிகள். மேலே டாப் சீக்ரெட். அடுத்தது சீக்ரெட். மூன்றாவது கான்ஃபிடென்ஷியல். கடைசியில் ரெஸ்ட்ரிக்டெட், அதாவது அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும். வெளியே போனால் நாட்டின் பாதுகாப்புக்கு மிகக் கடுமையான கேடு வரும் என்றால் முதல் படி, கடுமையான கேடு என்றால் இரண்டாவது, கேடு என்றால் மூன்றாவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தப் படிகள் எந்தச் சட்டத்திலும் இல்லை. உள்துறை அமைச்சகம் 1994-இல் வெளியிட்ட ஒரு கையேட்டில்தான் இருக்கின்றன. நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றியது அல்ல. நாம் எல்லாரும் பயப்படும் அலுவலக ரகசியச் சட்டம், 1923-இல் வெள்ளைக்காரர்கள் போட்டது. அதற்கு முன் 1889-இல் ஒரு சட்டம் இருந்தது. கர்சன் பிரபு 1904-இல் அதை இன்னும் இறுக்கினார். 1923-ஆம் வருஷச் சட்டத்தை முழுக்கப் படித்தாலும் ரகசியம் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் கிடைக்காது. விளக்கம் இல்லாத சொல்லுக்குத் தண்டனை மட்டும் இருக்கிறது. ஒரு மாணவன் இப்படிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தால் நான் பத்துக்கு மூன்று மதிப்பெண்கூடப் போடமாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கையேட்டின் வரையறையில் நாட்டுக்கு வரும் கேட்டோடு, அரசின் செயல்பாட்டில் அதற்கு ஏற்படும் தர்மசங்கடமும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாட்டுக்கு ஆபத்தும் அரசுக்கு அவமானமும் ஒரே தட்டில்! என் கட்டட அறிக்கை எந்தத் தட்டில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2009 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட 13526-ஆம் எண் நிர்வாக ஆணையில் ஒரு நல்ல விதி உண்டு. சட்டமீறலை, திறமையின்மையை, நிர்வாகத் தவற்றை மறைப்பதற்காகவோ, ஒரு மனிதருக்கோ துறைக்கோ வரும் தர்மசங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவோ எதையும் ரகசியமாக்கக் கூடாது என்கிறது அது. இங்கே மறைக்கக் காரணமாக இருப்பது அங்கே மறைக்கக் கூடாத காரணமாக எழுதப்பட்டிருக்கிறது. இருபத்தைந்து வருஷம் ஆனால் ரகசியம் தானாக விலக வேண்டும், விலக்கு வேண்டுமென்றால் தனியாகக் காரணம் காட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அமெரிக்காவே உதாரணம். 1971-இல் வியட்நாம் போர் பற்றிய 'பென்டகன் ஆவணங்கள்' பத்திரிகையில் வந்தபோது நாட்டுக்குப் பேராபத்து என்று அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது, தோற்றது. அன்று அரசுக்காக வாதாடியவர் எர்வின் கிரிஸ்வோல்ட். பதினெட்டு வருஷம் கழித்து 1989-இல் அவரே எழுதினார், அந்த வெளியீட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததற்கான அடையாளம் எதையும் தான் பார்க்கவில்லை என்று. தப்பை ஒப்புக்கொள்ளும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இரண்டு போர்கள், இரண்டு அறிக்கைகள்.

1962-இல் சீனப் போரில் நாம் ஏன் தோற்றோம் என்று ஆராய்ந்து லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-இல் அறிக்கை கொடுத்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அரசு இன்னும் வெளியிடவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கதைதான். எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேட்பார்கள், ஆட்சிக்கு வந்தால் மறந்துவிடுவார்கள். 2010-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர், அதன் உள்ளடக்கம் இன்றும் ராணுவ ரீதியாக மதிப்புள்ளது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 2014-இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். உலகம் பூராவும் படித்தாயிற்று. ஆனாலும் இங்கே அது ரகசியம்.

1999-இல் கார்கில் போர். அதை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம். நம்ம திருச்சியில் பிறந்தவர். அந்தக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியிலேயே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பாதுகாப்புக் கருதிச் சில பகுதிகளை எடுத்துவிட்டார்கள், மீதியை நாடே படித்தது. உளவுத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் இருந்த குறைகளெல்லாம் அதில் வெளிச்சத்துக்கு வந்தன. நாடு ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. கெட்டுப்போன பகுதியை அரிந்துவிட்டு மீதிக் கத்தரிக்காயைக் கறிக்குப் போடுகிறோமே, அந்த மாதிரிதான். கூடையோடு கொட்ட வேண்டியதில்லை.

உடனே சிலர் கேட்பீர்கள்: "அப்போ ரகசியமே வேண்டாமா சார்?"

வேண்டும். நிச்சயமாக வேண்டும். நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1998-இல் ராணுவ உடை போட்டுக்கொண்டு, 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' என்ற பெயரில் பொக்ரானில் நடமாடினார். 1995-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் நம் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டது, சோதனை நின்றுபோனது. அதனால் அடுத்த முறை அவ்வளவு கவனம். மே 11-ஆம் தேதி குண்டு வெடித்த பிறகுதான் உலகத்துக்கே தெரியும். அணுகுண்டு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் அந்த ரகசியத்துக்குத் தெளிவான ஒரு காரணம் இருந்தது, முடியும் நேரம் ஒன்றும் இருந்தது. அன்று சாயங்காலமே பிரதமர் வெளியே வந்து உலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

மருமகன் கேள்விக்குப் பதில் எனக்கு இங்கேதான் கிடைத்தது. நல்ல ரகசியத்தை நான் என் கையாலேயே எத்தனையோ தடவை தொட்டிருக்கிறேன். பொதுத்தேர்வு வினாத்தாள்தான் அது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போயிருக்கிறேன். உங்களில் பலரும் அந்தக் காட்சியைப் பெஞ்சிலிருந்து பார்த்திருப்பீர்கள். வினாத்தாள் கட்டு, கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவலோடு பூட்டில் இருக்கும். காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வரும். அறையில் உறையைத் தூக்கிக் காட்டி, முத்திரை உடையவில்லை என்று இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கித்தான் பிரிப்போம். பத்து மணி வரை அதைவிடப் பெரிய ரகசியம் தமிழ்நாட்டில் கிடையாது. மத்தியானம் தேர்வு முடிந்ததும் அதே தாளில் சுண்டல் மடித்துத் தின்னலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ரகசியத்தை யோசித்துப் பாருங்கள். ஏன் ரகசியம் என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். யார் பொறுப்பு என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. யாருக்காக மறைக்கிறோமோ அந்தப் பிள்ளைகளே சாட்சி. எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரியும். மத்திய பட்ஜெட்டும் அப்படித்தான். அல்வா கிண்டி, அதைத் தயாரிக்கும் ஊழியர்களைப் பூட்டி வைப்பதெல்லாம் உரை வாசிக்கும் வரைக்கும்தான். என் மாணவன் சொன்ன 'குளிரான இடமும்' அதே இனம். அவனோடு இருக்கும் பையன்களின் உயிர் அதில் இருக்கிறது.

கட்டட அறிக்கை வேறு இனம். காரணம் கிடையாது, முத்திரை குத்தியவர் பெயர் கிடையாது, முடியும் நாளும் கிடையாது. யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அந்தப் பிள்ளைகளிடமிருந்தே மறைத்தார்கள்.

முத்திரையின் பயம் சாதாரண மனிதனை என்ன செய்யும் என்பதற்கு நாகர்கோவிலைச் சேர்ந்த நம்பி நாராயணன் ஒருவரே போதும். ராக்கெட் என்ஜின் விஞ்ஞானி. 1994-இல் ரகசியத்தை விற்றார் என்று கைது செய்தார்கள். 1996-இல் சிபிஐ, குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஐம்பது லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இருபத்துநாலு வருஷத்தை எந்த இழப்பீட்டில் வாங்குவது? 2002-இல் இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரை இதே சட்டத்தில் பிடித்து ஏழு மாதம் சிறையில் வைத்தார்கள். அவர் கணினியில் இருந்தது வெளியில் ஏற்கெனவே கிடைத்த ஒரு வெளியீடு என்று தெரிந்த பிறகு வழக்கை வாபஸ் வாங்கினார்கள். ரகசியத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் எதையும் ரகசியம் என்று சொல்லலாம், யாரையும் திருடன் என்று சொல்லலாம்.

மருந்து நம்மிடமே இருக்கிறது. 2005-ஆம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 8(2) பிரிவு, அலுவலக ரகசியச் சட்டம் இருந்தாலும், மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிறது. 10-ஆவது பிரிவு, மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறது. 22-ஆவது பிரிவு, ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலானது என்கிறது. கோப்பில் முத்திரை இருக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது. தமிழ்நாடு 1997-இலேயே இப்படி ஒரு சட்டம் போட்டது என்பது நமக்குப் பெருமை. நான் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு திரும்பியது அந்தச் சட்டம் வந்த கொஞ்ச நாளில்தான் என்பது எனக்குச் சிறுமை.

2006-இல் வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1923-ஆம் வருஷச் சட்டத்தை எடுத்துவிட்டு, உண்மையான உளவுக் குற்றங்களை மட்டும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகிறது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது. 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது. போர் ஆவணங்கள் சாதாரணமாக இருபத்தைந்து வருஷத்தில் வெளியே வர வேண்டும் என்று கொள்கை வகுத்தது. ராணுவமே இறங்கி வரும்போது சிவில் அலுவலகங்களுக்கு என்ன கஷ்டம்?

என் யோசனை எளிமையானது. ஒரு தாளில் முத்திரை குத்தும்போதே பக்கத்தில் மூன்று வரி எழுத வேண்டும். என்ன கேடு வரும் என்று ஒரு வரி. குத்தியவர் பெயர், பதவி ஒரு வரி. எந்தத் தேதியில் விலகும் என்று ஒரு வரி. மூன்றையும் எழுத முடியாவிட்டால் முத்திரை செல்லாது. 'தர்மசங்கடம்' என்ற காரணத்தை அடியோடு நீக்க வேண்டும். இதையெல்லாம் கையேட்டில் வைக்காமல் சட்டத்தில் வைக்க வேண்டும்.

அரசை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஒரு தகப்பனார் வந்து பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டார். "அதெல்லாம் ஆபீஸ் விஷயங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கணக்கில் பத்துப் பைசா தப்பு கிடையாது. ஆனாலும் காட்டவில்லை. ஏன் என்று இன்றைக்கு யோசித்தால், 'இவர் யார் என்னைக் கேட்க' என்ற எண்ணம்தான். முத்திரை குத்துகிற கைக்குப் பெரிய சதித்திட்டம் எல்லாம் தேவையில்லை. இந்த எண்ணம் ஒன்றே போதும். அந்தத் தகப்பனார் இப்போது இல்லை. அவர் மகள் இந்தப் பதிவைப் படிப்பாள். அம்மா, உங்கப்பாவிடம் அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

என் மாணவர்களில் பலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். தாலுகா அலுவலகம், மின்வாரியம், கல்வித் துறை, ஒருத்தி சென்னையில் தலைமைச் செயலகத்தில். உங்கள் மேசைக்கும் 'மந்தணம்' என்ற முத்திரை வரும். குத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். இது வினாத்தாளா, கூரை விரிசலா? வினாத்தாள் என்றால் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுங்கள். விரிசல் என்றால், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் இல்லாதவர்களுக்கு: யாராவது 'மந்தணம்' என்று சொன்னால் என்னை மாதிரித் திரும்பி வந்துவிடாதீர்கள். பத்து ரூபாய் வில்லை ஒட்டி எழுத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து இன்னும் பழைய மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். மருமகன் ஏற்கெனவே இரண்டு கேள்வி தயாராக வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் சார்